அளந்த முப்பரிமாணத் தரவை எந்த வரிசையில், எந்த வடிவில் கொடுப்பது? காந்தப்புல அளவீட்டை வைத்து ஓர் ஒப்பீடு

டைபோல் (இருமுனை) காந்தம் ஒன்றின் இடைவெளிக்குள், மூன்று அச்சு ஸ்டேஜில் (நகரும் மேடையில்) மாட்டிய ஹால் புரோபை, அதாவது காந்தப்புல உணரியை, ஓட்டிப் புலத்தை அளக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் அச்சில் −100 முதல் 100 மி.மீ. வரை 5 மி.மீ. தள்ளித் தள்ளி 41 புள்ளிகள். செங்குத்தான ஒய் அச்சில் −75 முதல் 75 வரை அதே தள்ளலில் 31. துகள்கற்றை போகும் இசட் அச்சில் −300 முதல் 300 வரை 10 மி.மீ.க்கு ஒன்றாக 61. மொத்தம் 77,531 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு விநாடி என்றாலே இருபத்தொன்றரை மணி நேரம் ஓடும். கடைசியில் கையில் கிடைப்பது ஒரு நீண்ட உரைக்கோப்பு: வரிக்கு வரி நேரம், மூன்று இடக்கூறுகள், மூன்று புலக்கூறுகள், புரோபின் வெப்பநிலை.

இதைப் பாராவியூ, டெக்பிளாட் போன்ற படமாக்கும் மென்பொருளில் திறந்து வெட்டுத்தளமும் சமமதிப்புப் பரப்பும் (ஒரே மதிப்புள்ள இடங்களை இணைக்கும் பரப்பு) புலக்கோடுகளும் பார்க்க வேண்டும். அதற்கு ஐந்து வழிகள் உண்டு. சீரான இடைவெளி கொண்ட கிரிட்டாக, அதாவது இமேஜ் டேட்டாவாக எழுதலாம். அச்சுவாரியாக இடைவெளி மாறும் ரெக்டிலீனியர் கிரிட்டாக எழுதலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் உண்மையான இடத்தோடு ஸ்ட்ரக்சர்டு கிரிட்டாக எழுதலாம். வரிசையைப் பற்றிக் கவலையே படாமல் வெறும் புள்ளிகளாக ஏற்றி, டெலானே முறையில் (புள்ளிகளை நான்முகிகளாக இணைக்கும் முறை) மென்பொருளையே வலை பின்னச் சொல்லலாம். அல்லது புள்ளிகளை இடைக்கணித்து (நடுவிலுள்ள மதிப்புகளைக் கணித்து) புதிய சீரான கிரிட் ஒன்றில் இறக்கலாம்.

கடைசி இரண்டும் பலரை இழுப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: வரிசைப்படுத்தும் வேலை மிச்சம் என்று தோன்றுகிறது. கிரிட்டில் அளந்த தரவுக்கு அந்த மிச்சம் பொய்க்கணக்கு. முதலில் வரிசைப்படுத்துங்கள். அதற்குப் பிறகு முதல் மூன்றில் எது என்பது மட்டுமே உண்மையான கேள்வி.

மென்பொருள் எதிர்பார்க்கும் வரிசை

விடிகே என்ற படமாக்க நிரலகக் குடும்பம் முழுவதும், அதன் மேல் கட்டிய பாராவியூவும், ஒரே விதியில் நிற்கின்றன: எக்ஸ் மிக வேகமாக மாற வேண்டும், அடுத்து ஒய், கடைசியாக இசட். சுட்டெண்கள் ஐ, ஜே, கே என்று பூஜ்யத்திலிருந்து தொடங்கினால், நம் கிரிட்டில் ஒரு புள்ளியின் வரிசை எண் = ஐ + 41 × (ஜே + 31 × கே). ஐ = 3, ஜே = 2, கே = 1 என்றால் 1,356. டெக்பிளாட்டின் வரிசைப்படுத்திய மண்டலத்திலும் ஐ தான் வேகமானது. ஆக விதியில் குழப்பமில்லை.

குழப்பம் ஸ்டேஜில் தொடங்குகிறது. அளப்பவருக்கு நீளமான அச்சை வேகமாக ஓட்டுவதுதான் லாபம். திரும்பும் எண்ணிக்கை குறையும். எனவே இங்கே இசட் வேகமாக மாறும், அடுத்து எக்ஸ், கடைசியாக ஒய். அதோடு, ஏர் உழுவதுபோல ஒரு வரி போகும்போதும் அடுத்த வரி திரும்பும்போதும் அளப்பார்கள். கோப்பில் இருப்பது அளந்த நேரத்தின் வரிசை. மென்பொருள் கேட்பது இடத்தின் வரிசை.

எந்த வழியானாலும் முன்கூட்டியே முடிக்க வேண்டியது

நேர வரிசை கலைவதற்கு முன்பே நகர்வுத் திருத்தத்தைச் செய்துவிட வேண்டும். ஹால் புரோபின் உணர்திறனும் பூஜ்யமும் வெப்பநிலையோடு நகரும். காந்தத்தின் மின்னோட்டமும் ஒரு நாளில் சற்று அசையும். இதைப் பிடிக்கத்தான் ஒவ்வொரு தளத்தின் முடிவிலும் புரோபை ஒரே குறிப்புப் புள்ளிக்குக் கொண்டுவந்து அளக்கிறார்கள். தரவைச் சார்ட் செய்த (இட வரிசைக்கு அடுக்கிய) பிறகு அந்தக் குறிப்பு அளவீடுகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்துவிடும். எது எப்போது எடுத்தது என்று தெரியாது. எனவே முதல் வேலை, வரி எண்ணையும் நேரத்தையும் தனி நெடுவரிசைகளாகச் சேர்த்துக்கொள்வது. இரண்டாவது, திருத்தத்தைப் போடுவது. மூன்றாவது, குறிப்பு அளவீடுகளை நீக்குவது. சார்ட் அதற்கப்புறம்.

அடுத்து, அளந்த இடத்தை வைத்து நேரடியாகச் சார்ட் செய்யக் கூடாது. ஸ்டேஜின் இடத்தை அளக்கும் என்கோடர் ஒரு வரியில் 4.998 என்றும் அடுத்த வரியில் 5.003 என்றும் சொல்லும். தசம எண்களை அப்படியே ஒப்பிட்டால் இவை இரண்டு வெவ்வேறு எக்ஸ் மதிப்புகள். ஒரு நெடுவரிசையே சிதறி இரண்டு மூன்றாகப் பிரிந்துவிடும். கட்டளையிட்ட இடம் கோப்பில் இருந்தால் அதிலிருந்தே சுட்டெண்ணை எடுங்கள். இல்லையென்றால், அளந்த இடத்திலிருந்து தொடக்க இடத்தைக் கழித்து, தள்ளலால் வகுத்து, முழு எண்ணாக்குங்கள். எச்சம் கால் தள்ளலைத் தாண்டினால் அந்த வரியைத் தனியே ஒதுக்கிப் பாருங்கள். தொடக்க இடத்தை அரைத் தள்ளல் தவறாகக் கொடுத்தால் நிலைமை மோசமாகும்: நம்பை என்ற பைதான் நிரலகத்தின் முழு எண்ணாக்கம் சரிபாதியில் வரும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளும். 2.5-உம் 1.5-உம் ஒரே 2-இல் போய் விழும். ஒரு சுட்டெண்ணில் இரண்டு, அடுத்ததில் ஒன்றுமில்லை என்று கிரிட் சீப்புப்பல்போல் ஆகிவிடும்.

சுட்டெண் கிடைத்தபின் சார்ட் செய்வதைவிட, காலிப்பெட்டியில் போடுவது மேல். 61 × 31 × 41 அளவில், எல்லா இடத்திலும் என்ஏஎன் (‘எண் அல்ல’ என்ற குறி) நிரப்பிய அணி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வரியையும் கே, ஜே, ஐ என்ற இடத்தில் வையுங்கள். பக்கத்திலேயே எண்ணும் அணி ஒன்றையும் வைத்து, வைக்கும்போதெல்லாம் ஒன்று கூட்டுங்கள். முடிந்ததும் அந்த எண்ணும் அணி முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும். பூஜ்யம் இருந்தால் விடுபட்ட புள்ளி, இரண்டு இருந்தால் இரட்டிப்பு. வெறும் சார்ட் செய்தால் ஒரு புள்ளி விடுபட்டு இன்னொன்று இரட்டித்திருந்தாலும் மொத்தம் 77,531 என்றே வரும். இடையிலுள்ள அத்தனையும் ஒரு இடம் நகர்ந்திருக்கும், யாருக்கும் தெரியாது.

விடுபட்ட இடத்தில் பூஜ்யமோ −999-ஓ போடாதீர்கள். மென்பொருள் பக்கத்துப் புள்ளியோடு அதையும் சேர்த்து இடைக்கணிக்கும். நீங்கள் கேட்கும் ஒவ்வொரு சமமதிப்புப் பரப்பும் அந்த ஓட்டையைச் சுற்றி ஒரு குமிழைக் காட்டும். என்ஏஎன் ஆகவே விட்டு, கூடவே சரியான புள்ளிக்கு 1, மற்றதற்கு 0 என்று ஒரு முகமூடி அணியையும் எழுதுங்கள். கோப்பை உரையாக எழுதாமல் பைனரியாக எழுதினால் என்ஏஎன் எழுத்துகளைப் படிப்பதில் வரும் சிக்கலும் தவிரும். முகமூடியை வைத்து திரெஷோல்டு செய்தால் (1 உள்ள புள்ளிகளை மட்டும் வடிகட்டினால்) வெளியே வருவது ஒழுங்கற்ற வலை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கிரிட் அமைப்பு அந்த இடத்தோடு போய்விடும்.

இன்னொன்று, அளவீட்டைத் திட்டமிடும்போதே: மூன்று அச்சுகளின் எண்ணிக்கையும் வெவ்வேறாக இருக்கட்டும். 41 × 41 × 41 எடுத்தால் எந்த இரண்டு அச்சு இடம் மாறினாலும் எண்ணிக்கைச் சோதனை எல்லாமே தேறிவிடும்.

இமேஜ் டேட்டா

கோப்பில் இடத்துக்காக எழுதுவது அச்சுக்கு ஓர் எண்ணிக்கை, ஒரு தொடக்கம், ஒரு இடைவெளி: மொத்தமே ஒன்பது எண்கள். மற்றதெல்லாம் அளந்த மதிப்புகள். வால்யூம் ரெண்டரிங் (முழுக் கனத்தையும் ஊடுருவிக் காட்டும் படம்) இயல்பாகவும் வேகமாகவும் ஓடுவது இதில்தான். ஒரு இடத்தின் மதிப்பைக் கேட்டால் எந்தக் கட்டி (எட்டுப் புள்ளிகளுக்கு இடைப்பட்ட பெட்டி) என்று தேட வேண்டியதில்லை, வகுத்தாலே போதும். புலக்கோடு வரையும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

குறை, ஸ்டேஜ் உண்மையில் எங்கே நின்றது என்பதை இது மறந்துவிடும். அதனால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 டெஸ்லா காந்தத்தின் விளிம்பில் புலம் 150 மி.மீ. தூரத்தில் விழுகிறது என்றால் சரிவு மீட்டருக்கு ஏறத்தாழ 7 டெஸ்லா. ஸ்டேஜ் 0.02 மி.மீ. தவறினால் புலத்தில் 0.14 மில்லிடெஸ்லா பிழை. புரோபின் இரைச்சலே 0.1 மில்லிடெஸ்லா என்றால் இது பொருட்டே அல்ல. 0.2 மி.மீ. தவறினால் 1.4 மில்லிடெஸ்லா. படத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. முழுப் புலத்தில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு, எந்த நிறப்பட்டையும் இதைக் காட்டாது. ஆனால் அதே கோப்பிலிருந்து யாராவது சரிவு எடுக்கவோ கற்றையை ஓட்டிப் பார்க்கவோ போனால் தெரியும். படம் மட்டும் போதும் என்றால் இமேஜ் டேட்டா. எண்களும் வேண்டுமென்றால் இந்தப் பெருக்கலைப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எழுதும்போது நடக்கும் தவறு பெரும்பாலும் எண்ணிக்கையில்தான். பழைய விடிகே கோப்பில் பரிமாணம் 41 31 61 என்று எழுத வேண்டும். எக்ஸ்எம்எல் வடிவான விடிஐ கோப்பில் அதே விஷயம் 0 40 0 30 0 60 என்று வீச்சாக எழுத வேண்டும். அங்கே 41 போட்டால் படிக்கும்போது மதிப்புகள் போதவில்லை என்று பிழை வரும். இன்னொன்று, புள்ளி மதிப்பா கட்டி மதிப்பா என்பது. புரோப் அளப்பது புள்ளியில், மதிப்புகள் 77,531. கட்டிகளோ 40 × 30 × 60 = 72,000. கட்டித் தரவு என்று எழுதினால் எண்ணிக்கையே இடிக்கும். பழைய விடிகே வடிவத்தின் பைனரி பெரிய முனை முதலாக (மதிப்பு கூடிய பைட் முதலில்) இருக்க வேண்டும் என்பதும் அடிக்கடி மறந்துபோவது. சாதாரண இன்டெல் கணினியில் அப்படியே கொட்டினால், 1.0 என்று எழுதியது 4.6 × 10⁻⁴¹ என்று திரும்பி வரும். வீச்சில் இப்படி நம்ப முடியாத எண் தெரிந்தால் வரிசையைத் தேட வேண்டாம், பைட்டைத் திருப்புங்கள்.

ரெக்டிலீனியர்

காந்தத்தின் நடுவில் புலம் தட்டையாக இருக்கும், விளிம்பில்தான் வேலை. இசட் அச்சில் நடுவே 20 மி.மீ.க்கும் விளிம்பில் 2 மி.மீ.க்கும் ஒன்று என அளந்திருந்தால் இதுதான் வழி. இடத்துக்காக எழுதுவது 41 + 31 + 61 = 133 எண்கள். ஒவ்வொரு பட்டியலும் ஏறுவரிசையில் இருக்க வேண்டும். ஸ்டேஜ் 300-இலிருந்து −300-க்கு இறங்கியிருந்தால் பட்டியலையும் தரவையும் சேர்த்தே திருப்ப வேண்டும். பட்டியலை மட்டும் திருப்புவதுதான் வழக்கமான தவறு. மற்றபடி இமேஜ் டேட்டாவுக்குச் சொன்ன எல்லாம் இதற்கும் பொருந்தும்.

ஸ்ட்ரக்சர்டு கிரிட்

இங்கே 77,531 புள்ளிகளுக்கும் மூன்று மூன்றாக 2,32,593 இடக்கூறுகள் கோப்பில் ஏறும். நான்கு பைட் எண்ணாக எழுதினால் ஒரு மெகாபைட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இந்த அளவுக்கு அது பாரமே அல்ல. பதிலாகக் கிடைப்பது பெரியது: கிரிட்டின் தொடர்பு சுட்டெண்ணிலிருந்து வருகிறது, இடம் என்கோடரிலிருந்து வருகிறது. ஸ்டேஜ் வளைந்திருந்தாலும், அச்சுகள் சரியாகச் செங்குத்தாக இல்லாவிட்டாலும், லேசர் டிராக்கரில் அளந்த திருத்தத்தைப் போட்டாலும் கட்டிகள் கொஞ்சம் கோணுமே தவிர தரவு பொய் சொல்லாது. அளவீட்டின் மூலக்கோப்பாகப் பாதுகாக்க இந்த வடிவத்தைத்தான் பரிந்துரைப்போம். இமேஜ் டேட்டா வேண்டும்போது இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், தலைகீழாக முடியாது.

இதில் ஒரு சலுகையும் உண்டு. இடக்கூறுகள் கூடவே போவதால், எந்த அச்சு ஐ, எந்த அச்சு கே என்று மென்பொருள் பார்ப்பதில்லை. ஸ்டேஜ் ஓடியபடியே இசட், எக்ஸ், ஒய் வேகத்தில் இருக்கும் தரவை, பரிமாணம் 61 41 31 என்று மாற்றி எழுதினால் படம் சரியாகவே வரும். இசட், எக்ஸ், ஒய் என்பது சுழல் முறையில் மாறிய வரிசை என்பதால் வலக்கை அமைப்பும் கெடாது. ஆனால் இசட், ஒய், எக்ஸ் என்று ஓட்டியிருந்தால் அது இடக்கை அமைப்பு. கட்டிகள் உள்வெளியாகப் புரளும், கன அளவு எதிர்மறையாக வரும், வெளிப்பரப்பின் ஒளி இருண்டு தெரியும். பார்க்க அழகாகவே இருப்பதால், கன அளவைத் தொகுக்கும் வரை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

போய்த்திரும்பும் வரிகளை நேர்ப்படுத்தாமல் இதில் எழுதினால் உடனே மாட்டிக்கொள்ளும், அது நல்லதே. வலைக்கோடுகள் ஒரு வரியின் இந்த முனையிலிருந்து அடுத்த வரியின் அந்த முனைக்குப் பாய்ந்து, கட்டிகள் வண்ணத்துப்பூச்சி இறக்கைபோல் முறுக்கிக்கொள்ளும். வயர்ஃபிரேமில் (வலைக்கோடுகளை மட்டும் காட்டும் முறையில்) ஒரு தடவை பார்த்தால் போதும்.

காந்தவியலில் இந்த வடிவம் தவிர்க்கவே முடியாத இடம் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கி. கொல்கத்தாவின் கே500 போன்ற இயந்திரங்களின் புலத்தை ஆரம், கோணம் என்ற துருவ கிரிட்டில் அளப்பதுதான் இயல்பு. 0 முதல் 359 டிகிரி வரை 360 கோணங்களை அப்படியே எழுதினால் கடைசிக் கோணத்துக்கும் முதல் கோணத்துக்கும் நடுவே ஆப்புபோல ஒரு டிகிரி பிளவு தெரியும். முதல் கோணத்தின் தரவை 360 டிகிரியில் இன்னொரு முறை எழுதி 361 ஆக்க வேண்டும். ஆரம், கோணம் திசையிலான புலக்கூறுகளை எக்ஸ், ஒய் கூறுகளாக மாற்றவும் மறக்கக் கூடாது. இடத்தை மாற்றிவிட்டுத் திசையனை அப்படியே விட்டால் அம்புகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். பாராவியூவின் டிரான்ஸ்ஃபார்ம் வடிகட்டியிலும் இதே கதைதான்: கிரிட்டைச் சுழற்றும்போது திசையன்களும் சுழல வேண்டுமென்றால் அதற்கான பெட்டியைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டெலானே

புள்ளிகள் உண்மையிலேயே சிதறிக் கிடந்தால், உதாரணமாகக் கையால் பிடித்த புரோபில் எடுத்த அளவுகள் என்றால், இது நியாயமான வழி. கிரிட்டில் அளந்ததற்கு இது மிக மோசமான வழி, அதற்குக் கணித ரீதியான காரணமே இருக்கிறது. டெலானே முறை ஒரு நான்முகியின் சுற்றுக்கோளத்துக்குள் வேறு புள்ளி இருக்கக் கூடாது என்று பார்க்கிறது. பெட்டி ஒன்றின் எட்டு மூலைகளும் ஒரே கோளத்தில் கிடக்கின்றன. எந்த மூலைவிட்டத்தை எடுப்பது என்று முடிவுசெய்ய விதியில் எதுவுமே இல்லை. என்கோடரின் கடைசி இலக்கம்தான் தீர்மானிக்கிறது. ஒரு கட்டியில் இந்தப் பக்கம், அடுத்ததில் அந்தப் பக்கம் என்று மூலைவிட்டங்கள் மாறி மாறி விழும். நான்கு மூலைகளும் கிட்டத்தட்ட ஒரே தளத்தில் இருக்கும் செதில் நான்முகிகள் நூற்றுக்கணக்கில் பிறக்கும். வலையின் தரம் சந்தேகத்துக்குரியது என்று விடிகேயே எச்சரிக்கும்; அந்த எச்சரிக்கையை மூடிவிட்டுத் தொடர்வதுதான் வழக்கமாக இருக்கிறது.

பெட்டிக்கு ஐந்தோ ஆறோ நான்முகிகள் என்றால் 72,000 கட்டிகள் நான்கு லட்சத்தைச் சுற்றிப் பெருகும். ஒவ்வொன்றுக்குள்ளும் சரிவு மாறிலி என்பதால் சமமதிப்புப் பரப்பு பட்டைபட்டையாக வரும். சமச்சீரான காந்தத்தின் படம் சமச்சீராக இருக்காது. அதற்கு மேல், டெலானே வலை புள்ளிகளின் குவிந்த உறையையே நிரப்பும். காந்தத்தின் இரும்புத் துருவ முனையைச் சுற்றி வளைந்து அளந்திருந்தால், இரும்புக்குள்ளும் புலம் இருப்பதாகப் படம் காட்டும்.

இடைக்கணித்து இறக்குவது

ஒரே ஒரு நல்ல காரணம் இதற்கு உண்டு. மூன்று அச்சு ஹால் புரோபின் மூன்று உணரிகளும் ஒரே இடத்தில் உட்கார முடியாது. ஒன்றுக்கொன்று சில மி.மீ. வரைகூட விலகியிருக்கலாம். எனவே ஒரே வரியில் இருக்கும் புலக்கூறுகளான பி-எக்ஸ், பி-ஒய், பி-இசட் மூன்றும் மூன்று இடங்களின் அளவுகள். அவற்றைப் பொதுவான இடத்துக்கு மாற்ற இடைக்கணிப்பு வேண்டும்.

ஆனால் வேலைக்கு எந்தக் கருவி என்பதில் கவனம் வேண்டும். பாராவியூவின் புள்ளி இடைக்கணிப்பில் தூரத்தின் அடுக்குக்கு ஏற்ப எடை குறையும் ஷெப்பர்டு முறையைத் தேர்ந்தெடுத்தால், வழக்கமான அடுக்கெண் 2-இல் ஒவ்வொரு அளவீட்டுப் புள்ளியிலும் சரிவு பூஜ்யமாகிவிடும். வெட்டுத்தளத்தில் புள்ளிக்குப் புள்ளி வட்டவட்டத் திட்டுகள் தெரியும். காஸியன் முறை அந்தத் திட்டுகளை மழுக்கும், கூடவே விளிம்பின் சரிவையும் மழுக்கும். நன்றாக வேலை செய்வது அச்சுவாரியான முப்பரிமாண இடைக்கணிப்பு; சைப்பை என்ற பைதான் நிரலகத்தில் அதற்கான கருவி தயாராக இருக்கிறது. அது கேட்பது என்ன? வரிசைப்படுத்திய ரெக்டிலீனியர் கிரிட். வரிசைப்படுத்தலிலிருந்து தப்பிக்க இந்த வழிக்கு வந்தவர் மறுபடி அதே வாசலில்தான் நிற்பார்.

வேலையை எங்கே செய்வது

அளக்கும் நிரலிலேயே மாற்றி எழுதுவது வேண்டாம். நேர வரிசையில் வரும் கோப்பு மின்தடையில் பாதியில் நின்றாலும் அதுவரையிலான வரிகள் பயன்படும். விரிதாளில் சார்ட் செய்வதும் வேண்டாம். எக்செல் 10,48,576 வரிகளோடு நின்றுவிடும். 101 × 101 × 101 கிரிட் 10,30,301 வரிகளுடன் உள்ளே போகும், 102 × 102 × 102 போகாது, வால் வெட்டுப்படும். பாராவியூவின் அட்டவணையிலிருந்து ஸ்ட்ரக்சர்டு கிரிட் ஆக்கும் வடிகட்டி வசதியானது. ஆனால் அது சார்ட் செய்வதில்லை: வீச்சின் பெருக்கலும் வரிகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும், அவ்வளவுதான். தனியாக ஒரு சிறு நிரல் எழுதி, மூலக்கோப்பைத் தொடாமல் மாற்றுவதே சரி.

அந்த நிரலில் மொழிக்கு மொழி பொறி வேறு. நம்பை இயல்பாகக் கடைசிச் சுட்டெண்ணை வேகமாக வைக்கும். அதனால்தான் மேலே அணியை 61 × 31 × 41 என்று எடுத்தோம். அப்படியே தட்டையாக்கினால் எக்ஸ் வேகமாக வரும். சார்ட்தான் வேண்டுமென்றால் நம்பையின் லெக்ஸ்சார்ட்டில் கடைசியாகக் கொடுப்பதே முதன்மைச் சாவி, எனவே எக்ஸ், ஒய், இசட் என்று கொடுக்க வேண்டும். மேட்லாப் மொழியில் முதல் சுட்டெண் வேகம். இடக்கூறு அணிகளை ஆக்க என்டிகிரிட் போட்டால் தட்டையாக்கியதும் எக்ஸ் வேகம். மெஷ்கிரிட் போட்டால் ஒய் முதலில் வந்துவிடும், இரண்டு பரிமாணங்களை இடம் மாற்ற வேண்டும். நம்பையின் மெஷ்கிரிட்டும் இயல்பாக முதல் இரண்டு அச்சுகளை மாற்றியே தருகிறது. ஹெச்டிஎஃப்5 என்ற பைனரி வடிவக் கோப்பில் இன்னும் ஒரு திருப்பம்: 41 × 31 × 61 அணியை மேட்லாபிலிருந்து எழுதினால் கோப்பில் அது 61 × 31 × 41 என்று பதிவாகி எக்ஸ் வேகமாக இருக்கும், நம்பையிலிருந்து அதே அளவை எழுதினால் இசட் வேகமாக இருக்கும். அந்தக் கோப்பைப் பாராவியூவுக்கு விளக்கும் எக்ஸ்டிஎம்எஃப் விவரக்கோப்பிலோ பரிமாணம், தொடக்கம், இடைவெளி மூன்றையும் இசட், ஒய், எக்ஸ் என்று தலைகீழாக எழுத வேண்டும்.

டெக்பிளாட் உரைக்கோப்பில் புள்ளிவாரி, தொகுதிவாரி என இரண்டு அடுக்குமுறைகள். அளவீட்டுக்குப் புள்ளிவாரியே எளிது, வரிக்கு ஒரு புள்ளி. தொகுதிவாரியில் எல்லா எக்ஸ் மதிப்பும், பிறகு எல்லா ஒய் மதிப்பும் வரும். மொத்தத்தையும் ஒரே வரியில் கொட்டினால் வரி நீள வரம்பில் இடிக்கும்.

வரிசை சரிதானா என்று பார்ப்பது

எந்த வடிவமானாலும், அளந்த எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் சாதாரண மதிப்பு அணிகளாகவும் கோப்பில் சேர்த்து எழுதுங்கள். பிறகு பாராவியூவின் கால்குலேட்டரில் கிரிட்டின் எக்ஸ் இடத்திலிருந்து அந்த அணியைக் கழியுங்கள். இமேஜ் டேட்டாவில் விடை ஸ்டேஜின் பிழையளவு, அதாவது நூறில் சில பங்கு மி.மீ. இருக்க வேண்டும். வரிசை தவறினால் பல்லாயிரம் புள்ளிகளில் நூறு மி.மீ. கணக்கில் வரும். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

படத்தைப் பார்த்தே முடிவுசெய்பவர்களை டைபோல் நன்றாக ஏமாற்றும். முன்பின் சமச்சீரான காந்தத்தில் பி-ஒய் இசட் திசையில் இருபுறமும் ஒன்றுபோல் இருக்கும். திரும்பும் வரிகளைப் புரட்ட மறந்தாலும் பி-ஒய் படம் குறையில்லாமல் வரும்! பி-இசட் அப்படியல்ல, நடுவிலிருந்து முன்னே போனால் ஒரு குறி, பின்னே போனால் எதிர்க்குறி. ஆகவே நடுத்தளத்தில் பார்க்காமல் (அங்கே பி-இசட் பூஜ்யம்), ஒய் = 50 மி.மீ. தளத்தில் பி-இசட் வெட்டைப் பாருங்கள். புரட்ட மறந்திருந்தால் விளிம்பில் சிவப்பும் நீலமும் வரிக்கு வரி மாறிமாறி நிற்கும். புரட்டியும் மெல்லிய சீப்பு வடிவம் மிஞ்சினால் அது வரிசையின் பிழை அல்ல. பேக்லாஷோ (திசை மாறும்போது ஸ்டேஜில் வரும் தளர்வு), ஓடிக்கொண்டே அளக்கும்போது என்கோடருக்கும் வோல்ட்மீட்டருக்கும் இடையிலான தாமதமோ.

கடைசியாக இயற்பியல். மின்னோட்டம் இல்லாத காற்றிடைவெளியில் காந்தப்புலத்தின் டைவர்ஜென்ஸும் (விரிதல்) கர்லும் (சுழற்சி) இரண்டுமே பூஜ்யம். பாராவியூவின் கிரேடியன்ட் வடிகட்டி இரண்டையும் தரும், இடம் மி.மீ.யில் இருந்தால் விடையை ஆயிரத்தால் பெருக்க வேண்டும். 0.1 மில்லிடெஸ்லா இரைச்சலும் 5, 5, 10 மி.மீ. தள்ளலும் என்றால் டைவர்ஜென்ஸில் மீட்டருக்கு 0.02 டெஸ்லா அளவில் இரைச்சல் மிஞ்சும். அதைவிட நூறு மடங்கு, மீட்டருக்கு ஓரிரண்டு டெஸ்லா என்று விளிம்பில் தெரிந்தால் அச்சோ கூறோ இடம் மாறியிருக்கிறது.

இந்தச் சோதனைக்கும் சிக்காத பிழை ஒன்று உண்டு. இசட் அச்சும் பி-இசட்டின் குறியும் சேர்ந்தே தலைகீழானால், முழுக் கிரிட்டும் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். டைவர்ஜென்ஸும் கர்லும் பூஜ்யமாகவே நிற்கும். அதைப் பிடிக்க, காந்தத்தின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கிரிட்டின் தெரிந்த ஒரு மூலைக்கு அருகில் வடமுனை எந்தப் பக்கம் என்று குறித்த சிறிய நிரந்தரக் காந்தத்தை ஒட்டி, அந்த மூலையைத் தொட்டுப் போகும் ஒரே ஒரு இசட் வரியை ஓட்டி, அதே நிரலில் மாற்றிப் பாருங்கள்.